குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-25

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, நேரம் ஒதுக்கி வந்திருக்கும் குடியிருப்பாளர்களே, அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான ஆண்டறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. சுதந்திர தினத்திலும் குடியரசு தினத்திலும் தலைவர் கொடியேற்றினார். கண் பரிசோதனை முகாம் நடந்தது. பொங்கல் கோலப் போட்டிக்கு வழக்கம்போல நல்ல கூட்டம். மழைக்கு முன் இரண்டாவது தெரு வடிகால் தூர்வாரப்பட்டது. இந்த ஆண்டில் நம்மை விட்டுப் பிரிந்த உறுப்பினர்களுக்குச் சங்கம் அஞ்சலி செலுத்துகிறது.

அடுத்து, கிழக்கு மதிற்சுவர் ஓவியம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் இதைப் பற்றி நிறையப் பேர் எழுதினார்கள். எழுதியவர்களில் பாதிப் பேர் கூட்டத்துக்கு வருவதில்லை. அதனால் அறிக்கையில் பதிவாகட்டும்.

அந்தச் சுவர் பள்ளிக்கரணைச் சதுப்பைப் பார்த்து நிற்கிறது. பல வருடங்களாக அதில் சுவரொட்டியும் டியூஷன் விளம்பரமும்தான். அடியில் குப்பை. அங்கே சதுப்பு நிலப் பறவைகளை வரையலாம் என்று சென்ற பொதுக்குழுவில் நான் முன்மொழிந்தேன். ஒருவரும் மறுக்கவில்லை, தீர்மானப் புத்தகத்தில் இருக்கிறது. பெயிண்ட் வந்து இறங்கிய பிறகுதான், 'அந்தப் பணத்தில் இரண்டு கேமரா மாட்டியிருக்கலாமே, பறவைப் படம் யாருக்கு?' என்று கேள்வி வந்தது.

நமக்குத்தான். தென்சென்னையைச் சுற்றியுள்ள 31 நீர்நிலைகளின் உபரி நீர் இந்தச் சதுப்பில் வந்து சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலைத் தொடுகிறது. ஒரு காலத்தில் 5000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த சதுப்பு இது. ஒரு பக்கம் பெருங்குடிக் குப்பைமேடு, இன்னொரு பக்கம் கட்டடங்கள், குறுக்கே ரேடியல் சாலை. 2022-ல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது கணக்கில் வந்தது சுமார் 1247 ஹெக்டேர். தண்ணீர் தங்க இடம் குறைந்தால் அது எங்கே வரும் என்பதை 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் நம் வீட்டுக் கூடத்திலேயே பார்த்தோம். பறவைக்கு இடமிருக்கிற வரைதான் தண்ணீருக்கும் இடம்.

ஓவியர் தம்பி சுவரைத் தேய்த்துச் சுத்தம் செய்தபோது, 2015 வெள்ளத்தின் கறை இடுப்புயரத்தில் ஒரே கோடாக ஓடுவது தெரிந்தது. பூசி மறைக்க வேண்டாம் என்று நான் சொன்னேன். அந்தக் கோட்டையே படத்தில் நீர்மட்டமாக வைத்திருக்கிறோம். அதற்குக் கீழே எல்லாம் தண்ணீர், சம்புப் புல்லின் தண்டு, மீன். அதற்கு மேலேதான் பறவைகள் நிற்கின்றன. இதைப் பார்த்துவிட்டு முதல் தெருப் பாட்டி ஒருவர், "எங்க கட்டில் இந்த உசரத்துலதான் மிதந்துச்சு" என்று கையை வைத்துக் காட்டினார்.

முதலில் வந்த மாதிரிப் படத்தில் கூழைக்கடா தூய வெள்ளையாக, மஞ்சள் பையோடு இருந்தது. அது வேறு இனம். நம் சதுப்புக்கு வருவது புள்ளி அலகு கூழைக்கடா. உடம்பில் சாம்பல் சாயல், பிடரியில் சின்னக் கற்றை, மேல் அலகின் ஓரத்தில் வரிசையாகப் புள்ளிகள். உலக அளவில் அச்சுறுத்தலை நெருங்கிவிட்ட இனம் என்று பட்டியலிடப்பட்டிருப்பது. பறவை பார்க்கும் பழக்கமுள்ள நம் உறுப்பினர் ஒருவர் ஓவியரை விடியற்காலையில் ரேடியல் சாலைக்குக் கூட்டிப்போய் நேரிலேயே காட்டினார். அப்புறம் வந்த படம்தான் இப்போது சுவரில் இருப்பது. அந்த அலகுப் புள்ளிகளை வைத்தவள் எட்டாம் வகுப்புச் சிறுமி. தூரிகையின் பின்முனையைக் கருநீலத்தில் தொட்டு ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்தாள்.

அதே உறுப்பினர்தான் இன்னொன்றும் கவனித்தார். குளிர்காலத்தில் வலசை வரும் ஊசிவால் வாத்துகளுக்குப் பக்கத்தில் நீளவால் இலைக்கோழியை நீண்ட வாலோடு வரையக் கூடாது, அந்த வால் இனப்பெருக்க காலத்தில் மட்டும்தான் இருக்கும் என்றார். ஆகவே சுவரின் வடகோடியைக் கோடைக்கு ஒதுக்கி இலைக்கோழியை அங்கே வைத்தோம். முட்டை மேல் உட்கார்ந்திருப்பது ஆண் பறவை, அதுதான் அடைகாக்கும். தென்பக்கம் குளிர்காலம்: வாத்துகள், பூநாரைகள், மேலே ஒரே ஒரு பெரும்புள்ளிக் கழுகு. பூநாரையைச் சிலர் எதிர்பார்த்த அளவுக்கு இளஞ்சிவப்பாக அடிக்கவில்லை. உடம்பு வெளுப்புதான், சிவப்பு இறக்கையில்தான் இருக்கிறது. பார்த்ததை வரைந்திருக்கிறோம்.

இவ்வளவும் நடந்த ஞாயிற்றுக்கிழமைகளில் சுவரடியில் நின்றவர்கள் குழந்தைகளும், அவர்களுடைய அம்மாக்களும், செயற்குழுவில் மூன்று நான்கு பேரும்தான். குப்பை அள்ளவும் தண்ணீர் எடுத்துக் கொடுக்கவும் ஆள் தேவை என்று ஒவ்வொரு வாரமும் அறிவித்தேன். கட்டைவிரல் படம் நிறைய வந்தது, ஆள் வரவில்லை. வேலைக்குப் போகிறவர்களின் சிரமம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் வராதவர்களே செலவுக் கணக்கு கேட்கும்போது மனம் வருந்துகிறது. சுவரின் வெளிப்புறக் குப்பையை அகற்றச் சொல்லி உரிய அலுவலகத்துக்குக் கொடுத்த மனுவுக்கும் இதுவரை பதில் இல்லை.

கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால், வரவைவிடச் செலவு சற்று அதிகம், அதை முந்தைய ஆண்டு இருப்பிலிருந்து ஈடுகட்டியிருக்கிறோம். ஓவியத்துக்குப் பெரும்பகுதி நன்கொடையாகவே வந்தது, சங்க நிதியிலிருந்து எடுத்தது கொஞ்சம்தான். பற்றாக்குறைக்குக் காரணம் ஓவியம் அல்ல, சந்தா பாக்கி. மூன்றில் ஒரு பங்கு வீடுகள் இந்த ஆண்டுச் சந்தா கட்டவில்லை. சில வீடுகளுக்கு இது இரண்டாவது வருடம். பெயர்ப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம் என்று செயற்குழுவில் யோசனை வந்தது. அக்கம்பக்கத்தில் முகம் பார்த்துப் பழகுகிறோம், வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன்.

வழிநடத்திய தலைவருக்கும், பொறுமையாகக் கணக்கெழுதிய பொருளாளருக்கும், முகாமுக்கு வந்த மருத்துவர்களுக்கும், நன்கொடையாளர்களுக்கும், கூலியைக் குறைத்துக்கொண்ட ஓவியர் தம்பிக்கும், காவலாளிக்கும் சங்கத்தின் நன்றி.

வரும் ஆண்டைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். சுவரின் நடுப்பகுதி இன்னும் வெறுமையாக இருக்கிறது. அங்கே உப்புப் பூத்திருப்பதால் பழைய பூச்சைச் சுரண்டி, காயவிட்டு, பிரைமர் அடிக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் முடிக்காவிட்டால் ஈரச்சுவரில் பெயிண்ட் நிற்காது, பக்கத்துப் படமும் உரியத் தொடங்கும். அரிவாள் மூக்கன், கரண்டிவாயன் ஆகிய பறவைகளுக்கு ஓவியர் கோட்டுப்படம் போட்டு வைத்திருக்கிறார். செயலாளர் பொறுப்பில் நான் தொடர வேண்டும் என்று சிலர் அன்போடு கேட்கிறார்கள். கையில் நிதியும் கூட நாலு ஆளும் இருந்தால் தொடர எனக்குத் தயக்கமில்லை. சந்தா ரசீதுப் புத்தகம் கூட்டம் முடியும் வரை வாசல் மேசையில் இருக்கும், ஜிபே வசதியும் உண்டு.

நன்றி, வணக்கம்.

செயலாளர்