சீட்டில் 'தறி வேலை' என்று எழுதுங்கள்

ஐயா,

வணக்கம். மார்ச் 3 உலகச் செவித்திறன் நாளையொட்டி நடந்த முகாமில் பெரியவர்களுக்குக் காது மெஷின் வழங்கிய செய்தியை உங்கள் நாளிதழில் படித்தேன். படத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேராவது என்னைப் போலத் தறி ஷெட்டில் காதைப் பறிகொடுத்தவர்களாக இருப்பார்கள். செய்தியில் எல்லோருக்கும் சேர்த்து 'வயது மூப்பு' என்று போட்டிருந்தது. அந்த இரண்டு வார்த்தையோடு நான் ஒன்றரை வருடம் மல்லுக்கு நின்றவன். அதனால்தான் எழுதுகிறேன்.

கோவை மாவட்டம் சோமனூர் பக்கம் ஒரு மில்லில், நெசவுப் பிரிவில், 1994 முதல் 2019 வரை வேலை செய்தேன். எல்லாம் நாடா, அதாவது குறுக்கு நூலைக் கொண்டுபோகும் கட்டை, ஓடும் தறிகள். ஒரே ஷெட்டில் எண்பது தறி. அடுத்த தறிக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லக் காதோரம் கை குவித்துக் கத்த வேண்டும். கத்திக் கத்தித் தொண்டை போய், கடைசியில் எல்லோரும் ஜாடைக்கு வந்துவிட்டோம். பாவு நூல் (தறியில் நீளவாக்கில் ஓடுவது) அறுந்தால் ஒரு விரல், மேஸ்திரி வந்தால் நெற்றியில் கை. காதுக்கு மில்லில் கிடக்கும் கழிவுப் பஞ்சைத்தான் உருட்டி வைத்துக்கொள்வோம். பஞ்சு அந்தச் சத்தத்தைப் பெரிதாகத் தடுக்காது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சத்தத்தின் அளவு 90 டெசிபல் என்றால் எட்டு மணி நேரம், 95 என்றால் நான்கு, 100 என்றால் இரண்டே மணி நேரம்தான் ஒரு ஆள் நிற்கலாம் என்பது நம் நாட்டுத் தொழிற்சாலை மாதிரி விதிகளில் உள்ள கணக்கு. நாடாத் தறி ஷெட்டில் சத்தம் 95க்கும் மேலே போகும். நாங்கள் முழு நைட்டும் நின்றோம்.

முதலில் போனது கீச்சுச் சத்தங்கள். ஒருநாள் என் மனைவி, "மூணு விசில் வந்ததும் அடுப்பை அணைச்சுருங்க" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனாள். நான் அடுப்புக்கு நாலடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தேன். குக்கர் தீய்ந்து புகை வந்த பிறகுதான் எழுந்தேன். விசில் ஒன்றுகூட எனக்குக் கேட்கவில்லை. ஆனால் ராத்திரி வீடு அடங்கியதும் காதுக்குள் சில்வண்டு கத்த ஆரம்பிக்கும். விடியும்வரை நிற்காது. அந்த இரைச்சலை அமுக்க மார்கழிக் குளிரிலும் டேபிள் ஃபேனை ஓடவிட்டுத்தான் படுப்பேன். மனைவி போர்வைக்கு மேல் போர்வை போர்த்திக்கொள்வாள்.

2017இல் ஒரு மருத்துவமனைக்குப் போனேன். டாக்டர் என் வயதைக் கேட்டார். என்ன வேலை என்று கேட்கவில்லை. சீட்டில் வயது காரணமான செவித்திறன் குறைவு என்று எழுதிக் கொடுத்தார். அப்போது எனக்கு 49 வயது.

அடுத்த வருடம் தொழிற்சங்கத்துக்காரர் ஒருவர் சொல்லித்தான், சத்தத்தால் காது போவதும் அப்போதிருந்த இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் தொழில் நோயாக இருக்கிறது, அப்படிப்பட்ட வேலையில் தொடர்ந்து ஆறு மாதம் இருந்தாலே போதும் என்று தெரிந்தது. இழப்பீடு கேட்டு மனுப் போட்டேன். பரிசோதனைக்கு முழு நைட் முடித்து நேராகப் போனது என் தப்பு. குறைந்தது 16 மணி நேரம் காது சத்தமில்லாமல் இருந்தால்தான் அந்தப் பரிசோதனை செல்லும். மறுபடி லீவு போட்டுப் போனேன்.

கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்ஃபோன் மாட்டி, கையில் ஒரு பட்டன் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது! மெஷின் அனுப்புவது எது, எனக்குள்ளே கத்துவது எது என்று பிரிக்கத் தெரியாமல் அமுக்கினேன். "சும்மா சும்மா அமுக்காதீங்க" என்று வெளியே இருந்து அதட்டல் வந்தது. பொய் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். காது இரைச்சல் உள்ளவர்களுக்கு விட்டு விட்டு ஒலிக்கும் சத்தத்தை வைத்துப் பார்ப்பார்கள் என்று தெரிந்த ஒரு பெண் அன்றைக்கு அங்கே இருந்ததால் தப்பித்தேன். அவர்தான் வரைபடத்தைக் காட்டி விளக்கினார். வயதால் போகும் காதில் கோடு சரிந்துகொண்டே போகும். சத்தத்தால் போன காதில் கீச்சு ஒலிகள் இருக்கும் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளம் விழுந்து, 8000இல் கொஞ்சம் ஏறும். எனக்கு இரண்டு காதிலும் பள்ளம் இருந்தது.

அப்படியும் பழைய சீட்டு குறுக்கே வந்தது. வேலைக்குச் சேர்ந்தபோது காது நன்றாக இருந்தது என்பதற்கு மில்லில் ஒரு பரிசோதனைத் தாள் கிடையாது. கடைசியில் கைகொடுத்தவை என் சம்பளச் சீட்டுகள்தான். ஒவ்வொன்றிலும் 'வீவிங்' என்று அச்சாகியிருந்தது. மனைவி அவற்றை ரேஷன் கார்டோடு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். மருத்துவக் குழு சம்பாதிக்கும் திறனில் 15 சதவீதம் இழப்பு என்று முடிவு செய்தது. சராசரிக் கூலியில் 90 சதவீதம், அதில் இந்தப் பங்கு என்று, மாதம் 1,600 ரூபாய்ச் சொச்சம் வருகிறது. இரைச்சலுக்கு ஒரு பைசா இல்லை. அட்டவணையில் கேட்புக் குறைவு மட்டும்தான் இருக்கிறது. என் தூக்கத்தைக் கெடுத்த நோய்க்கு அங்கே பெயரே இல்லை.

2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், தொழிலாளிக்கு ஆண்டுதோறும் இலவச மருத்துவப் பரிசோதனை என்று இருக்கிறது. அதில் காதுப் பரிசோதனையைக் கட்டாயமாக்கி, அதன் நகலைத் தொழிலாளி கையில் கொடுக்க வேண்டும். அட்டவணையில் காது இரைச்சலையும் சேர்க்க வேண்டும். தொழிற்சாலையில் வேலை செய்தவருக்கு சத்தத்தால் காது போயிருக்கிறது என்று தெரிந்தால் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு டாக்டர் எழுத வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே 89ஆம் பிரிவு இருந்தது. எனக்குச் சீட்டு எழுதிய டாக்டர் அப்படி எழுதவில்லை.

எனக்குப் பக்கத்துத் தறியில் 18 வருடம் நின்றவர் 2015இல் வேலையை விட்டார். அவரிடம் இருக்கும் ஒரே காகிதம் 'வயது' என்று எழுதிய சீட்டு. அவருக்கு இனி எதுவும் கிடைக்கும் என்று யாரும் சொல்லவில்லை. அடுத்த முகாம் நடத்துகிறவர்கள் மெஷினை மாட்டுவதற்கு முன், "என்ன வேலை பாத்தீங்க?" என்று ஒரு கேள்வி கேட்டு, அந்தப் பதிலைச் சீட்டில் எழுதிக் கொடுக்கும்படி உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நெசவுத் தொழிலாளி,
சோமனூர்