உன் உரையில் திருத்த வேண்டியவை

அன்பு மகளுக்கு,

இங்கே நலம். மகளிர் தினத்துக்கு உன் அலுவலகத்தில் பேசப்போவதாக அனுப்பியிருந்த உரையைக் கைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துப் படித்தேன். போனில் சொன்னால் குறுக்கே பேசி மடக்கிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். சங்கத் தீர்மான நோட்டு எழுதிப் பழகிய கை இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் உன் அப்பா விஷயம். அவர் எதிர்ப்பை மீறி நான் சைக்கிள் கற்றதாக எழுதியிருக்கிறாய். அவர் எதிர்க்கவில்லை, ஆதரிக்கவும் இல்லை. திண்ணையில் பீடி குடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். 1991-இல் கீரனூர்ப் பக்கத்துக் கிராமத்தில் ஓர் ஆண்பிள்ளை அவ்வளவு செய்ததே பெரிது. செத்தவர் மேல் வீண்பழி வேண்டாம்.

அடுத்தது, 'தனி ஒருத்தியாகப் போராடி' என்று வருகிறதே, அந்த வரி. கேட்பவர்கள் கை தட்டுவார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனால் நடந்தது அப்படி இல்லை.

நீ பிறப்பதற்கு முன்பிருந்தே நானும் உன் பெரியம்மாவும் ஜல்லி உடைத்தோம். ஒப்பந்தக்காரரிடம் வாங்கிய முன்பணம் கழியாமல் வேறு குவாரிக்கோ வேறு வேலைக்கோ போக முடியாது. சம்மட்டி பட்டு விரல் நசுங்காமலிருக்கப் பழைய சைக்கிள் டியூபை வெட்டி விரல்களில் மாட்டிக்கொள்வோம். வெயிலில் அது சூடேறித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். சாயங்காலம் தண்ணீரில் ஊறவைத்துத்தான் கழற்ற வேண்டும். சைக்கிளோடு எனக்கு இருந்த உறவு அன்றைக்கு அவ்வளவுதான்.

1991-இல்தான் புதுக்கோட்டை மாவட்டத்தில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் அறிவொளி இயக்கம் வந்தது. சம்பளம் வாங்காத தொண்டர்கள் இரவில் வந்து அரிக்கேன் வெளிச்சத்தில் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். நான் தூங்கி விழுந்தால் தொடையில் கிள்ளுவாள். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துவிட்டார். பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிகள் கடன் கொடுத்தன. எங்கள் வகுப்பில் எல்லோரும் ஒரே வாடகை சைக்கிளில்தான் பழகினோம். கேலி பேசுகிறவர்கள் படுத்த பிறகு கண்மாய்க்கரைக்குப் போவோம். ஒருத்தி ஏறினால் இரண்டு பேர் பின்னால் பிடிப்பார்கள், நாலு பேர் சிரிப்பார்கள். கொசுவம் சங்கிலியில் மாட்டிக் கிழியாத சேலையே அந்த வருடம் யாரிடமும் இல்லை. ஆண்கள் ஓட்டும் சைக்கிளே எனக்கு வசதியாக இருந்தது. முன்கம்பியில் துண்டைச் சுற்றி உன்னை உட்காரவைக்கலாம் அல்லவா? 1992 மகளிர் தினத்தன்று புதுக்கோட்டை நகருக்குள் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு சைக்கிளில் போனோம். அந்தக் கூட்டத்தில் நீயும் இருந்தாய், என் முன்கம்பியில், தூங்கிக்கொண்டு. மாவட்டத்தில் அப்போது சைக்கிள் பழகிய பெண்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். இதில் தனி ஒருத்தி எங்கே வந்தாள்?

நீ எழுதாமல் விட்ட ஒன்று உண்டு. சனிக்கிழமை கூலி கொடுக்கும்போது கணக்குப்பிள்ளை நோட்டைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொள்வார். ஒரு சனிக்கிழமை எதிரில் நின்றபடி அதைத் தலைகீழாகவே எழுத்துக் கூட்டிப் படித்தேன். என் பெயருக்கு நேரே ஒரு லோடு குறைவாக இருந்தது. பெரியம்மா பெயருக்கு நேரேயும் அப்படித்தான். நான் வாய் திறக்கவில்லை, பயம். பெரியம்மாதான் நோட்டின் மேல் விரலை வைத்து, "இது மூன்று, நாங்கள் உடைத்தது நாலு" என்றாள். அவர் நோட்டை மூடிவிட்டார். மறுநாள் இரவு வகுப்பில் பாடம் நடக்கவில்லை, மனுதான் எழுதினோம்.

இந்த மாதிரி மனுக்கள் மாவட்டத்தின் பல பக்கங்களிலிருந்தும் போயின. மாவட்ட நிர்வாகம் குவாரிகளைப் பெண்கள் குழுக்களுக்கே குத்தகைக்கு விட்டது. எங்கள் குழுவுக்கும் ஒன்று கிடைத்தது. கைரேகை வைக்காமல் எல்லோரும் கையெழுத்துப் போட்ட பத்திரம் அது. அதன் பிறகுதான் சைக்கிளின் அருமை தெரிந்தது. லாரி வெளியே போக நடைச்சீட்டு வேண்டும். அதற்கு அலுவலகம் போக வேண்டும். வங்கிக்குப் போக வேண்டும், லாரிக்காரரிடம் விலை பேச வேண்டும். காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ் என்றிருந்த ஊரில் இதையெல்லாம் எப்படிச் செய்வது? மிதித்தோம். உடைத்த கல்லுக்கு உரிய பணம் எங்கள் கைக்கே வந்தது. முன்பணக் கடன் அடைந்தது. உன்னைப் பள்ளியில் சேர்த்தது அந்தப் பணத்தில்தான்.

உன் உரை இந்த இடத்தில் சுபமாக முடிந்துவிடுகிறது. நடந்தது வேறு. குத்தகைக் காலம் முடிந்ததும் புதுப்பிக்கக் கேட்டோம், கிடைக்கவில்லை. பழைய ஆட்களே வேறு பெயர்களில் வந்தார்கள். பிறகு கல் உடைக்கும் இயந்திரமான கிரஷர் வந்தது. கையால் உடைத்த ஜல்லியை வாங்க ஆளில்லை. நான் அதற்குள் அங்கன்வாடியில் உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். எழுதப் படிக்கத் தெரிந்ததும், அந்த நேரத்தில் ஓர் இடம் காலியாக இருந்ததும் காரணம். பெரியம்மாவுக்கு அப்படி எதுவும் அமையவில்லை. மறுபடி கூலிக்குக் கல்லுக்கே போனாள். கல்தூசி நெஞ்சில் தங்கி, இருமி இருமியே போய்ச் சேர்ந்தாள். என்னைவிட நன்றாகப் படித்தவள், என்னைவிட வேகமாகச் சைக்கிள் ஓட்டியவள், நோட்டில் விரல் வைத்தவள் அவள். 'தன்னம்பிக்கை ஒன்றே போதும்' என்று முடித்திருக்கிறாயே, அவளுக்கு அதில் என்ன குறைச்சல்? அந்த வரியை எடுத்துவிடு. அதைக் கேட்டால் அவள் பிள்ளைகள் என்ன நினைப்பார்கள்?

பத்து நிமிடம்தான் தருவார்கள் என்றாய். இடம் போதாவிட்டால் என் அங்கன்வாடி வேலையையும் நீ வாங்கிய பட்டத்தையும் விட்டுவிடு. இரவு வகுப்பும், வங்கிக் கடனும், குத்தகைப் பத்திரமும், பெரியம்மாவும் இருக்கட்டும். பத்திரத்தின் நகல் தகரப் பெட்டியில்தான் இருக்கிறது. வேண்டுமானால் படம் பிடித்து அனுப்பச் சொல்கிறேன். கடைசி வரிசையில் மூன்றாவது கையெழுத்து அவளுடையது.

அன்புடன்,
அம்மா