மலைப்பாதை பிரேக்கை நேர்கோட்டில் கணக்கிடாதீர்கள்: கோவை, நீலகிரிப் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மின்னியல், இயந்திரவியல் துறை ஆசிரியர்களுக்கு வணக்கம்.

நான் குன்னூர்க்காரி. என் அப்பா மேட்டுப்பாளையம்–ஊட்டி தடத்தில் பேருந்து ஓட்டியவர். நான் படித்தது மின்னியல். ஓடிக்கொண்டிருக்கும் உலோகத்துக்குள் மின்காந்தப் புலம் எப்படி நடந்துகொள்கிறது என்று கம்ப்யூட்டரில் கணக்கிடுவதுதான் பத்து வருடங்களாக என் வேலை. அப்பாவின் வேலையும் என் வேலையும் ஓர் இடத்தில் வந்து சேரும் என்று நான் நினைத்ததில்லை. அண்மையில் ஒரு கல்லூரி அரங்கில் அவை சேர்ந்தன. அதனால்தான் இந்த மடல்.

இறுதியாண்டு மாணவர்களின் புராஜெக்ட்களைப் பார்க்க என்னை அழைத்திருந்தார்கள். எந்தக் கல்லூரி என்று சொல்லப் போவதில்லை. இது ஒரு கல்லூரியோடு நிற்கிற விஷயமும் இல்லை. அன்று மூன்று குழுக்கள் ஒரே தலைப்பை எடுத்திருந்தன: மலைப்பாதைப் பேருந்துகளுக்குச் சுழல் மின்னோட்ட பிரேக், அதாவது உராய்வில்லாமல் காந்தத்தால் பிடிக்கும் பிரேக். ஒரு மாணவனின் அப்பா கூடலூர் பக்கம் லாரி ஓட்டுகிறவராம். பிரேக் லைனர் கருகும் வாடையைச் சின்ன வயதிலிருந்தே அறிந்த பிள்ளை அவன். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. அப்புறம் அவர்கள் சுவரில் ஒட்டியிருந்த கிராஃபைப் பார்த்தேன். வண்டியின் வேகம் கூடக் கூட பிரேக் விசையும் கூடிக்கொண்டே, நேர்கோட்டில், தாளின் மேல் ஓரம் வரை ஏறியிருந்தது. நீலமும் சிவப்புமாக அழகான படங்கள். எல்லோரும் பாராட்டினார்கள். முதல் பரிசும் அதற்கே கிடைத்தது.

அந்த நேர்கோட்டை நம்பி ஒரு வண்டி கல்லட்டியில் இறங்கினால் என்ன ஆகும் என்ற நினைப்பில் அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

மலைப்பாதையை உங்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலையில் 14. முதல் அல்லது இரண்டாவது கியரில் இறங்கச் சொல்லும் பலகைகள் வழியெங்கும் நிற்கின்றன. ஏறின கியரிலேயே இறங்கு என்பது அப்பா காலத்து ஓட்டுநர்களின் பாடம். அதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. 15 டன் எடையுள்ள ஒரு பேருந்து ஊட்டியின் 2,240 மீட்டர் உயரத்திலிருந்து மேட்டுப்பாளையம் வரும்போது சுமார் 1,900 மீட்டர் இறங்குகிறது. அந்த இறக்கத்தில் விடுபடும் ஆற்றல் கிட்டத்தட்ட 78 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். எஞ்சினும் காற்றும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மீதி முழுக்க பிரேக்கில் வெப்பமாகிறது. 12 அடி போனால் 1 அடி இறங்கும் சரிவில், மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாமல் அந்தப் பேருந்தைப் பிடித்து வைக்க, ஏறக்குறைய 100 கிலோவாட் வெப்பம் விடாமல் வெளியேற வேண்டும். நூறு இஸ்திரிப் பெட்டிகள் ஒரே நேரத்தில் எரிவது போல. கல்லாறு முதல் குன்னூர் வரை நம் மலை ரயில் பல்சக்கரத்தின் துணையோடு ஏறுவதும் ஏறக்குறைய அதே சரிவுதான்.

இந்த வெப்பத்தை உராய்வு இல்லாமல் எடுக்க முடியும் என்பதுதான் சுழல் மின்னோட்ட பிரேக்கின் அருமை. காந்தங்களுக்கு நடுவே உலோகத் தட்டு சுழல்கிறது. தட்டுக்குள் மின்னோட்டம் பிறக்கிறது. அது தட்டைப் பின்னுக்கு இழுக்கிறது. லைனர் கிடையாது, தேய்மானம் கிடையாது. சுழலும் செப்புத் தட்டுக்கும் காந்த ஊசிக்கும் உள்ள இந்த உறவை அரகோ 1824இல் கவனித்தார். 1831இல் ஃபாரடே காரணம் சொன்னார். தட்டு சூடேறுவதை 1855இல் ஃபூக்கோ காட்டினார். ரிடார்டர் என்ற பெயரில் கனரக வண்டிகளில் இது பல காலமாக ஓடுகிறது. ஆக, மாணவர்கள் தேர்ந்தெடுத்த தலைப்பில் குறையே இல்லை.

அந்த நேர்கோடு எப்படி வந்தது என்று அந்த மாணவர்களிடம் கேட்டேன். தட்டு அசையாமல் நிற்கும்போது காந்தப்புலம் எவ்வளவு என்று மென்பொருளில் ஒரு முறை கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த எண்ணை வேகத்தோடும் மின்கடத்துத்திறனோடும் பெருக்கி மின்னோட்டம், அதிலிருந்து விசை. முடிந்தது. தட்டில் பிறந்த மின்னோட்டம் தானும் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும், அது வெளிக்காந்தத்தின் புலத்தை எதிர்க்கும் என்பது கணக்கில் எங்கேயும் இல்லை. மெதுவாகச் சுழலும்போது அந்த எதிர்ப்பு அற்பம், விட்டுவிடலாம். வேகம் ஏற ஏற அதுதான் ஆட்டத்தையே மாற்றுகிறது.

வாய்க்காலில் மஞ்சள் கரைத்துப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் மெல்ல ஓடினால் மஞ்சள் கரைத்த இடத்தைச் சுற்றி நாலாபக்கமும் பரவும். தண்ணீர் வேகமாக ஓடினால் பரவ நேரமே இல்லாமல் ஒரே திசையில் இழுபட்டுப் போகும். உலோகத்துக்குள் காந்தப்புலம் படும் பாடும் இதுதான். உலோகத்தின் மின்தடை புலத்தைப் பரவ விடுகிறது, ஓட்டம் அதை இழுத்துச் செல்கிறது. வேகம் ஓர் அளவைத் தாண்டினால் புலம் தட்டுக்குள் இறங்கவே முடியாமல் மேற்பரப்போடு ஒதுங்கிவிடும். அதனால் பிரேக் விசை முதலில் ஏறும், ஓர் உச்சத்தைத் தொடும், அதற்கு மேல் வேகம் கூடினால் இறங்கத் தொடங்கும்.

உச்சம் எங்கே வரும் என்று தோராயமாகச் சொல்ல மென்பொருள் வேண்டாம். மெல்லிய தட்டுக்கு, காந்த உட்புகுதிறனையும் (ஒரு பொருள் காந்தப்புலத்தை எவ்வளவு எளிதில் உள்ளே விடுகிறது என்ற அளவு) மின்கடத்துத்திறனையும் தடிமனையும் பெருக்கி, 2ஐ அதனால் வகுத்தால் போதும். அந்த மாணவர்கள் வைத்திருந்தது 10 மில்லிமீட்டர் அலுமினியத் தட்டு. விடை நொடிக்கு 4.5 மீட்டர். தட்டைப் பேருந்தின் புரொப்பெல்லர் ஷாஃப்டில் மாட்டியிருந்தார்கள். சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் ஷாஃப்ட் ஐந்து சுற்று, சக்கரத்தின் ஆரம் அரை மீட்டர், காந்தம் மையத்திலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட அளவு. அப்படியானால் வண்டி மணிக்கு 30 கிலோமீட்டரில் போகும்போது காந்தத்தின் கீழே தட்டு நொடிக்கு 12.5 மீட்டரில் ஓடுகிறது. உச்சமோ வண்டி 11 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும்போதே வந்து போய்விட்டது. 30 கிலோமீட்டரில் நேர்கோடு காட்டும் விசை, உண்மையில் கிடைக்கக்கூடியதைப் போல எட்டு மடங்குக்கும் மேல்.

விசை குறைவு என்பதைக்கூட ஒரு பிழையாகத் திருத்திக்கொள்ளலாம். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. உச்சத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும்வரை, சரிவில் வண்டி கொஞ்சம் வேகமெடுத்தால் பிரேக் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். வண்டி தானாக அடங்கும். அந்தப் பக்கம் போய்விட்டால் வேகம் கூடும்போது பிடி தளரும், பிடி தளர்வதால் வேகம் இன்னும் கூடும். கீழே அடுத்த வளைவு காத்திருக்கும். தயவுசெய்து இதை உங்கள் மாணவர்களுக்குக் கரும்பலகையில் வரைந்து காட்டுங்கள்.

இரண்டாவது குழு ஒரு படி மேலே போயிருந்தது. தட்டின் ஓட்டத்தைக் குறிக்கும் வேக உறுப்பையே சமன்பாட்டில் சேர்த்து, தட்டைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடும் ஃபைனைட் எலிமென்ட் முறையில் கணக்கிட்டிருந்தார்கள். அந்தக் குழுவில் கணக்கைச் செய்த பெண்ணின் உழைப்பைப் பார்த்து மகிழ்ந்தேன். ஆனால் வேகம் கூடியதும் தட்டுக்குள் புலத்தின் மதிப்பு ஒரு புள்ளியில் மேலே, அடுத்த புள்ளியில் கீழே என்று ரம்பப் பல் மாதிரி ஆடியிருக்கிறது. மேற்பார்வையாளரிடம் கேட்டதற்கு, "சராசரி எடுத்து மழுக்கிவிடு" என்று பதில் வந்திருக்கிறது. மழுக்கிவிட்டாள். கோடு அழகாகிவிட்டது.

அந்த ரம்பப் பல் கம்ப்யூட்டர் கொடுக்கும் எச்சரிக்கை. ஓட்டத்தின் இழுப்பு, பரவலை விடப் பலமாகிவிட்டது, உன் மெஷ், அதாவது அந்தக் கட்டங்களின் வலை, அதற்குப் போதாது என்று அது சொல்கிறது. உட்புகுதிறன், கடத்துத்திறன், வேகம், ஓட்டத் திசையில் ஒரு கட்டத்தின் நீளம், இந்த நான்கையும் பெருக்கி 2ஆல் வகுத்து வரும் எண் 1க்குக் கீழே இருக்க வேண்டும். நொடிக்கு 12.5 மீட்டரில் ஓடும் அலுமினியத்துக்குக் கட்டம் 3.6 மில்லிமீட்டருக்குள் இருந்தால் போதும். அவள் வைத்திருந்தது 10 மில்லிமீட்டர். கட்டத்தைச் சிறிதாக்கினால் தீர்ந்திருக்கும் ஒரு சிக்கல், மழுக்கியதால் கண்ணுக்கு மறைந்து போனது.

இரும்புக்கு வந்தால் கதையே வேறு. வண்டிகளில் ஓடும் ரிடார்டர்களின் சுழலி பெரும்பாலும் எஃகுதான். எஃகின் உட்புகுதிறன் காற்றைப் போல 500 மடங்கு, கடத்துத்திறன் மீட்டருக்கு 50 லட்சம் சீமன்ஸ் என்று வைத்துக்கொண்டால், அதே வேகத்துக்குக் கட்டம் 0.05 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். தலைமுடித் தடிமன் அது. ஒரு முழுச் சுழலியை அப்படி வெட்டினால் எந்தக் கல்லூரிக் கம்ப்யூட்டரும் தாங்காது. அதனால்தான் ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கத்துக்குக் கூடுதல் எடை கொடுக்கும் முறைகள் வந்தன. அவை ஆட்டத்தை அடக்கும், கூடவே இல்லாத ஒரு பரவலையும் கொஞ்சம் நுழைத்துவிடும். சில மென்பொருள்கள் இதைக் கேட்காமலேயே செய்கின்றன. மாணவர்கள் அதைத் தெரிந்து பயன்படுத்தட்டும், எவ்வளவு நுழைந்தது என்று கட்டத்தைப் பாதியாக்கி ஒப்பிட்டும் காட்டட்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

மூன்றாவது குழு, தட்டு குளிர்வதற்காக அதில் துளைகள் போட்டுவிட்டு அதே வேக உறுப்பை வைத்துக் கணக்கிட்டிருந்தது. ஓட்டத் திசையில் தட்டு எங்கும் ஒரே மாதிரி இருந்தால் மட்டுமே அது செல்லும். துளையோ பள்ளமோ வந்துவிட்டால் மெஷ்ஷையே தட்டோடு சேர்த்துச் சுழற்றி, நேரத்தில் அடியெடுத்து அடியெடுத்துப் போக வேண்டும்.

சூட்டை மூன்று குழுக்களுமே மறந்திருந்தன. அலுமினியம் சுமார் 250 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் அதன் மின்தடை இரட்டிப்பாகும். உச்ச வேகமும் அதோடு இரட்டிப்பாகி, மெதுவான வேகத்தில் கிடைத்த பிடி பாதியாகும். பர்லியாறு தாண்டும்போது இருக்கும் பிரேக், குன்னூரில் கிளம்பியபோது இருந்த பிரேக் அல்ல. இதை அப்பாவிடம் சொன்னபோது, "எந்த பிரேக்கும் அப்படித்தானேம்மா" என்றார். சூட்டைச் சேர்க்காமல் மலைப்பாதைக்குக் கணக்குப் போட்டதாக எப்படிச் சொல்ல முடியும்?

உங்களிடம் நான் வேண்டுவது இதுதான். வண்ணப் படத்துக்கு மதிப்பெண் போடாதீர்கள். மென்பொருளைத் திறக்கும் முன்பே உச்ச வேகத்தையும் கட்டத்தின் அளவையும் மாணவர் கையால் கணக்கிட்டு நோட்டில் எழுதியிருக்க வேண்டும் என்று கேளுங்கள். விலை ஒரு தடையே இல்லை. எல்மர், கெட்-டிபி போன்ற இலவச மென்பொருள்களில் இதையெல்லாம் செய்யலாம்.

பிறகு அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அதற்கும் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. 10 மில்லிமீட்டர் அலுமினியத் தட்டு ஒன்றைக் கோவை லேத் பட்டறையில் வட்டமாகக் கடைந்து வாங்கிக்கொள்ளலாம். அதை பேரிங்கில் நிறுத்தி, மையத்திலிருந்து 15 சென்டிமீட்டரில் இரண்டு பக்கமும் காந்தம் வையுங்கள். ஒன்றரை சென்டிமீட்டர் ஆரமுள்ள அச்சில் கயிறு சுற்றி, மாடிப்படி நடுவே எடைக்கல்லைத் தொங்கவிடுங்கள். எடை நொடிக்கு 10 சென்டிமீட்டர் இறங்கினால் காந்தத்தின் கீழே தட்டு 1 மீட்டர் ஓடும். சின்ன எடை போட்டால் ஒரு நிதான வேகத்தில் இறங்கும்; அதைக் குறித்துக்கொள்ளலாம். எடையைக் கூட்டக் கூட ஒவ்வொன்றுக்கும் ஒரு நிதான வேகம் அமையும். ஓர் எடையில் அந்த நிதானம் அமையவே அமையாது. கயிறு விர்ரென்று ஓடும். உச்சம் அதுதான். கல்லட்டியில் பிடி விட்டுப் போகும் வண்டியும் அதுதான். எடை விழும் இடத்தில் மணல் பெட்டி வைத்து, யாரும் கீழே நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதை நான் வீட்டு மாடிப்படியில் அப்பாவை வைத்துக்கொண்டு செய்து பார்த்தேன். எடை விடுபட்டு ஓடியபோது, இல்லாத பிரேக் பெடலை அவர் கால் தானாக அழுத்தியது.

ஒரு வேண்டுகோள் இன்னும் உண்டு. இந்தத் தலைப்பில் வைவா நடக்கும் நாளில், மலைப்பாதையில் ஓட்டும் ஒருவரையும் அந்த அறையில் உட்கார வையுங்கள். அவருக்குச் சமன்பாடு தெரியாமல் இருக்கலாம். "வேகம் கூடினா பிடிக்குமா, விடுமா?" என்று அவர் கேட்பார். அந்தக் கேள்விக்கு மாணவர் கிராஃபைக் காட்டிப் பதில் சொல்லட்டும்.

அந்த முதல் குழு மாணவர்களோடு அன்றே பேசினேன். லாரி ஓட்டுநரின் மகன் பரிசைக் கையில் வைத்துக்கொண்டே, "திரும்பப் போடலாமா அக்கா?" என்று கேட்டான். இரண்டு வாரத்தில் புதிய கோட்டை அனுப்பினான். ஏறி, வளைந்து, இறங்கும் கோடு. உச்சம் 11 கிலோமீட்டருக்குப் பக்கத்தில். இனி எஃகுக்கு மாற்றிப் போட்டுப் பார்க்கிறானாம்.

தட்டும் காந்தங்களும் குன்னூரில் என் வீட்டில்தான் இருக்கின்றன. எந்தச் சனிக்கிழமை அழைத்தாலும் எடுத்துக்கொண்டு வருகிறேன். மணல் பெட்டியும் பத்து மீட்டர் உயரமுள்ள மாடிப்படியும் உங்கள் பொறுப்பு.

அன்புடன்,
குன்னூரிலிருந்து ஒரு பேருந்து ஓட்டுநரின் மகள்