ஓஆர்எஸ்: பெயரைப் பதியும்போதே கேட்டிருக்க வேண்டிய கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு,

ஓஆர்எஸ் (பேதியில் இழந்த நீரை ஈடுகட்டக் கொடுக்கும் உப்பு சர்க்கரைக் கரைசல்) என்ற எழுத்துகளைப் பெயரில் வைத்து விற்ற இனிப்புப் பானங்களுக்கு விழுந்த தடை குறித்த உங்கள் கட்டுரையைப் படித்தேன். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் விடாமல் போராடியதற்குக் கிடைத்த வெற்றி என்று எழுதியிருந்தீர்கள். வெற்றிதான், சந்தேகமே இல்லை. ஆனால் அப்படியொரு பெயர் கடை வரைக்கும் வந்தது எப்படி என்பதைக் கட்டுரை தொடவே இல்லை.

மருந்துக்கடையில் நிற்கிற எனக்கு இது தினசரி விஷயம். குழந்தைக்கு வயிற்றால் போகிறது, ஓஆர்எஸ் கொடுங்கள் என்று கேட்டு வருவார்கள். பொடிப் பாக்கெட்டை எடுத்து நீட்டினால் முகம் சுளிப்பார்கள். "இது வேணாம்ணே, பாப்பா துப்பிடுது. அந்த ஜூஸ் பாக்கெட்ல வருமே, அதக் குடுங்க. அதுன்னா நல்லாக் குடிக்குது." குடிக்காமல் என்ன செய்யும்? அதில் இருந்தது சர்க்கரை. அது மருந்து இல்லை என்று எடுத்துச் சொன்னால், "அதுலயும் ஓஆர்எஸ்ஸுன்னுதானே போட்டிருக்கு?" என்பார்கள். அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஒரு லிட்டர் கரைசலுக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம். இந்த அளவுக்குக் காரணம் உண்டு. உப்பிலிருக்கும் சோடியமும் குளுக்கோஸும் சரியான விகிதத்தில் சேர்ந்து போனால்தான் குடல் தண்ணீரை உள்ளே இழுக்கும். சர்க்கரை ஏறிப்போனால் உடம்பிலிருக்கும் தண்ணீர் குடலுக்குள் இறங்கி, பேதி இன்னும் கூடும். 1971 வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பான்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மஹாலனபிஸ் இந்த உப்பு சர்க்கரைக் கரைசலைக் கொடுத்துத்தான் சாவு எண்ணிக்கையை அடியோடு குறைத்தார். அந்த மூன்றெழுத்தின் மேல் மக்களுக்கு நம்பிக்கை வந்தது இப்படித்தான். அதைச் சம்பாதித்தது எந்த ஜூஸ் கம்பெனியும் இல்லை.

இனி சட்டத்துக்கு வருகிறேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைத் தடுக்கும் விதிமுறைகள் 2022 ஜூன் 9 அன்று வந்தன. விளம்பரத்தில் சொன்ன தவறான தகவலைப் பொறுப்புத் துறப்பு, அதாவது ஒரு மறுப்பு வரி, போட்டுச் சரிக்கட்டக் கூடாது. விளம்பரம் எந்த மொழியிலோ அதே மொழியில்தான் துறப்பும் இருக்க வேண்டும். நல்ல விதிகள். ஆனால் அடுத்த மாதமே, ஜூலை 14 அன்று, உணவுப் பாதுகாப்பு ஆணையம் என்ன செய்தது? ஓஆர்எஸ் என்ற பெயரைப் பானங்களுக்கு வைக்கக் கூடாது என்று ஏப்ரலில் தானே போட்ட தடையைத் தளர்த்தியது. பதிவு செய்த டிரேட்மார்க்கின் (வணிகக்குறியின்) பகுதியாக, முன்னாலோ பின்னாலோ வேறு எழுத்துகளைச் சேர்த்து, ஓஆர்எஸ் என்று போட்டுக்கொள்ளலாம். 'இது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஓஆர்எஸ் அல்ல' என்று அட்டையில் ஒரு வரி இருந்தால் போதும் என்றது. ஒரு துறை கூடாது என்றதை இன்னொரு துறை தாராளமாக அனுமதித்தது. அந்த ஒரு வரியையும் யார் படித்தார்கள்? பெயர் கொட்டை எழுத்தில், மறுப்பு பொடி எழுத்தில், அதுவும் ஆங்கிலத்தில். மூன்று ஆண்டுகளுக்கு மேல் இப்படியே ஓடி, 2025 அக்டோபர் 14 அன்றுதான் அனுமதி ரத்தானது. உடனே கம்பெனிகள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. ஒன்றுக்கு முதலில் தற்காலிக நிவாரணம்கூடக் கிடைத்தது. மாதக் கடைசியில் இன்னொன்றின் மனுவை நீதிமன்றம் ஏற்கவில்லை.

எனக்கு உறுத்துவது அந்த 'பதிவு செய்த டிரேட்மார்க்' என்ற சலுகைதான். 1999 வணிகக்குறிகள் சட்டத்தின் 9ஆம் பிரிவு, மக்களை ஏமாற்றும் அல்லது குழப்பும் தன்மையுள்ள பெயரைப் பதியவே கூடாது என்கிறது. மருந்தல்லாத பானத்துக்கு மருந்தின் பெயரை வைப்பது இதில் வராவிட்டால் வேறு எதுதான் வரும்? விளம்பரத்தில் பொய் சொன்னால் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம், மறுபடி செய்தால் ஐம்பது லட்சம் வரை என்று நுகர்வோர் சட்டத்தில் இருக்கிறது. அதே பொய்யைப் பெயராக வைத்துப் பதிவு செய்துவிட்டால் அது சொத்தாகிவிடுகிறது. அதைக் காப்பாற்ற வழக்கறிஞர் வைத்து வாதாடவும் முடிகிறது. அட்டையில் இருக்கும் பெயரைவிடப் பெரிய விளம்பரம் ஏது? டிவி விளம்பரத்தை முப்பது நொடியில் மறந்துவிடலாம். பெயரையோ வாங்குகிறவரே வாயால் சொல்லிக் கேட்கிறார்.

பதிவுக்கு வரும் பெயர்கள் வாரந்தோறும் டிரேட்மார்க் ஜர்னலில் வெளியாகின்றன. நான்கு மாதத்துக்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம். ஆனால் அதைப் புரட்டிப் பார்ப்பவர்கள் போட்டிக் கம்பெனிகளின் வக்கீல்கள்தான். தங்கள் பெயரை யாரும் காப்பியடித்தார்களா என்பது அவர்கள் கவலை. ஒரு தாய் ஏமாறுவாளா என்று பார்ப்பது அவர்கள் வேலை இல்லை. அதைப் பார்க்க வேண்டியது டிரேட்மார்க் பதிவாளர். உணவு, மருந்து வகைகளில் மருத்துவச் சொல்லோடு ஒரு பெயர் வந்தால், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தையும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையையும் கேட்காமல் பதியக் கூடாது என்று விதி கொண்டுவரலாம். ஏற்கெனவே பதிந்தவற்றைத் தானாகவே நோட்டீஸ் கொடுத்து நீக்கவும் 57ஆம் பிரிவு பதிவாளருக்கு அதிகாரம் தந்திருக்கிறது. ஓஆர்எஸ் சேர்ந்த பெயர்களில் அதைத் தொடங்கலாம். சென்னை கிண்டியில் இருக்கும் டிரேட்மார்க் பதிவக அலுவலகத்தில் இதைப் பற்றிக் கேட்டு, கிடைக்கும் பதிலை உங்கள் நிருபர் எழுதினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
திண்டுக்கல்