பாறை மேல் ஏறித்தான் நுழைய வேண்டியிருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் இணையவெளியின் தத்துவம் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அமெரிக்கப் பாடலாசிரியரும் இணைய உரிமைக்காகக் குரல் கொடுத்தவருமான ஜான் பெர்ரி பார்லோ 1996 பிப்ரவரி 8 அன்று சுவிட்சர்லாந்தின் டாவோஸிலிருந்து வெளியிட்ட இணையவெளிச் சுதந்திரப் பிரகடனத்தைக் கட்டுரையாளர் கொண்டாடியிருந்தார். பிறப்பு, பணம், படைபலம் எதையும் பார்க்காமல் யாரும் நுழையக்கூடிய உலகம் அது என்ற வரி எனக்கும் பிடிக்கும். ஆனால் அது உடல்கள் வாழும் இடமல்ல என்று அதே பிரகடனம் சொல்கிறதே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

நான் ஏற்காட்டில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். 2020இல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது எங்கள் பக்கத்து மலைக்கிராமப் பிள்ளைகள் டவர் கிடைக்கும் பாறையைத் தேடிப் போனார்கள். காபித் தோட்டத்தைத் தாண்டி மேட்டில் ஏறினால் ஒரு கோடு, இரண்டு கோடு வரும். மழை பிடித்துக்கொண்டால் அன்றைய பாடம் அவ்வளவுதான். வீட்டுக்கு ஒரே போன், அதையும் அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விடுவார். உடல் இல்லாத உலகத்துக்குள் போக இந்தப் பிள்ளைகள் முட்டி தேய ஏற வேண்டியிருந்தது.

அப்புறம், ஹியூபர்ட் டிரைஃபஸ் என்ற அமெரிக்கத் தத்துவப் பேராசிரியரைக் கட்டுரையாளர் தொடவே இல்லை. நேரில் இல்லாமல் இணையம் வழியே கற்பவர் ஓரளவுக்கு மேல் தேற முடியாது, ஏனென்றால் தவறினாலும் அங்கே அவருக்கு இழக்க ஒன்றுமில்லை என்று 2001இல் டிரைஃபஸ் வாதிட்டார். பாதி சரி. எந்தக் கிளையைக் கவாத்து செய்வது, எந்தப் பழத்தை இன்னும் இரண்டு நாள் விடுவது என்பதெல்லாம் காபிச் செடியருகே நின்றால்தான் கைக்கு வரும். ஆனால் அந்தப் பாறையில் உட்கார்ந்திருந்த ஒரு சிறுமி என்னிடம் போனில் புறநானூற்றைத் திறந்து காட்டினாள். தமிழ் இலக்கியங்களை இணையத்தில் இலவசமாகத் தருவதற்காக 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாட்டுத் தமிழர்கள் கூலி வாங்காமல் தட்டச்சு செய்து வைத்த பக்கம் அது. நான் வேலை பார்த்த பள்ளியில் நூலகம் என்பது ஒரு பீரோ, பெரும்பாலும் பூட்டியே இருக்கும். டிரைஃபஸ் அந்தப் பீரோவைப் பார்த்ததில்லை.

இந்த வெளியால் சமூகத்துக்கு என்ன கிடைக்கும் என்று எழுதுகிறவர்கள் அதன் வாசற்படியையும் சேர்த்து எழுத வேண்டும். மலைக்கிராமங்களில் ஊருக்கு ஒரு பொதுக் கட்டடம், அதில் அறுந்து போகாத இணைப்பு, நாலு கணினி, இரவு ஏழு மணி வரை திறந்திருக்கும் கதவு. இதைக் கேட்டு உங்கள் இதழும் எழுதுங்கள். இன்றைக்கும் மாலையில் அந்தப் பாறைப் பக்கம் போனால் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
ஏற்காடு, சேலம் மாவட்டம்.