கதவைத் திறந்தால் சம்மதமா?

ஆசிரியருக்கு,

புதுச்சேரி எல்லையை ஒட்டிய கடலூர் மாவட்ட ஊர்களில், வெளிமாநில மதுபாட்டில்களைத் தேடிப் போலீஸ் வீடு புகுவது புதிதல்ல. கடத்தலைத் தடுக்க வேண்டியதுதான், அதில் மறுப்பில்லை. ஆனால் "சும்மா பார்த்துட்டுப் போறோம்மா" என்று உள்ளே வந்துவிட்டு, அப்புறம் சம்மதத்தோடுதான் சோதித்தோம் என்பது கொஞ்சமும் நியாயமில்லை. ராத்திரியில் நாலு காக்கிச்சட்டையைப் பார்த்து மிரண்டு விலகி நிற்கும் ஒரு பெண்மணி எதற்குச் சம்மதித்தார்?

அவசரம் என்றால் வாரண்ட் இல்லாமலும் சோதனை போடலாம். சரி, அதற்கும் விதி உண்டே! 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 185ஆவது பிரிவுப்படி, எந்தப் பொருளைத் தேடுகிறோம், ஏன் காத்திருக்க முடியாது என்பதை அதிகாரி முதலில் எழுதிவைக்க வேண்டும். அந்தப் பதிவு 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். வீட்டுக்காரர் விண்ணப்பித்தால் அவருக்கு நகல் இலவசம். பலருக்கும் இது தெரியாது என்பதுதான் என் வருத்தம். சோதனையை வீடியோ எடுக்கவும் வேண்டும். அக்கம்பக்கத்தார் இருவராவது சாட்சியாக இருக்கவும் வேண்டும்.

கண்காணிப்பு என்ற பெயரில் போலீஸ் இரவில் வீடு புகுவது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1962இலேயே, கரக் சிங் வழக்கில் சொல்லிவிட்டது.

மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இவற்றை எளிய தமிழில் ஒரு பக்க நோட்டீஸாக அச்சடித்து, எல்லையோர ஊர்களின் ரேஷன் கடைகளில் ஒட்ட வேண்டுகிறேன்.

- ஒரு வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்