திரையில் கோடு எப்போது வருகிறது என்று முதலில் கேளுங்கள்

கடலூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை நடத்தும் அண்ணன்களுக்கும், அங்கே ஸ்க்ரூடிரைவர் பிடித்து வேலை பார்க்கும் தம்பிகளுக்கும் வணக்கம்.

மஞ்சக்குப்பத்தில் டைப்பிங், ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் பதிந்து கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். வருமானச் சான்றுக்கும் கல்லூரி விண்ணப்பத்துக்கும் வருகிறவர்கள் வேலை முடிந்ததும் பேச்சுவாக்கில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "வீட்டு சிஸ்டம் ஆன் பண்ணா கோடு கோடா வருது. கார்டு போச்சுன்னு சொல்லிட்டாங்க. மாத்தித்தான் ஆகணுமா?" திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டைத்தான் சொல்கிறார்கள். போய்ப் பார்த்தால் பல நேரம் கார்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பிள்ளையின் படிப்புக்காகத் தவணையில் வாங்கிய பெட்டி அது. அந்த வீட்டில் இன்னொரு கார்டு வாங்குவது சின்னச் செலவில்லை.

உங்களிடம் கேட்பது இதுதான். திரையில் கோடோ, கட்டம் கட்டமாக நிறமோ, சிமிட்டலோ வந்தால், எந்தப் பாகம் போயிற்று என்று சொல்வதற்கு முன்னால் அது எந்தக் கட்டத்தில் வருகிறது என்று பாருங்கள்.

பவர் பட்டனை அழுத்தியதும் வருகிற லோகோ, பயாஸ் (போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள்) திரை இரண்டும் விண்டோஸ் ஏறுவதற்கு முன்னால் வருபவை. விண்டோஸின் டிரைவருக்கு, அதாவது கார்டை இயக்கும் மென்பொருளுக்கு, அங்கே வேலையே இல்லை. அங்கேயே கோடு விழுந்தால் எத்தனை முறை பார்மட் போட்டாலும் அது போகாது. கேபிள், மானிட்டர், ரேம், கார்டு, அதைச் செருகும் ஸ்லாட், பெட்டிக்குப் பவர் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் என்று ஒவ்வொன்றாகத்தான் தேட வேண்டும். லோகோ பளிச்சென்று வருகிறது, பயாஸில் வெகுநேரம் விட்டாலும் சுத்தமாக நிற்கிறது, டெஸ்க்டாப் வரும்போதுதான் சிதறுகிறது என்றால் முதல் சந்தேகம் டிரைவர் மேல். சேஃப் மோடில் ஏற்றிப் பாருங்கள். அங்கே கார்டு கம்பெனியின் டிரைவர் இறங்காது, விண்டோஸின் சாதா டிஸ்ப்ளே டிரைவர்தான் ஓடும். அதிலும் சுத்தமாக இருந்தால், இருக்கிற டிரைவரை முழுக்க எடுத்துவிட்டு முந்தைய பதிப்பைப் போட்டுப் பாருங்கள். கார்டு முழு வேகத்தில் வேலை செய்யத் தொடங்குவதும் டிரைவர் ஏறிய பிறகுதான் என்பதால் கார்டே காரணமாக இருக்கவும் வாய்ப்பு உண்டு. ஆனால் காசு செலவில்லாத சோதனையை முதலில் முடித்துவிடலாமே.

இன்னொரு புகார் அடிக்கடி வரும்: காலையில் ஆன் செய்தால் சிதறுகிறது, ரீஸ்டார்ட் கொடுத்தால் சரியாகிவிடுகிறது. விண்டோஸ் 8 வந்ததிலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருக்கிறது. அது ஆனில் இருந்தால் ஷட்டவுன் கொடுத்தாலும் எல்லாம் புதிதாகத் தொடங்காது. விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலையும் டிரைவர்களையும் இருந்த நிலையிலேயே டிஸ்கில் எழுதி வைத்து, மறுநாள் அதையே எடுத்துப் போடும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் முதலிலிருந்து ஏறும். பவர் ஆப்ஷனில் அந்த டிக்கை எடுத்துவிட்டு இரண்டு நாள் பார்க்கச் சொல்லுங்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் நம் ஊர் வழக்கத்திலேயே இருக்கிறது. ஜனங்கள் சிபியு பெட்டியை மட்டும் வண்டியில் வைத்துக் கட்டி லாரன்ஸ் ரோட்டுக்குக் கொண்டு வருகிறார்கள். மானிட்டரும் கேபிளும் வீட்டிலேயே இருக்கும். உங்கள் கடையின் நல்ல மானிட்டரில் நல்ல கேபிளைச் செருகினால் படம் சுத்தமாகத்தான் வரும். "இங்க நல்லா வருதே" என்று சொல்லி, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பார்மட் போட்டு அனுப்பிவிடுகிறீர்கள். வீட்டில் மறுபடி அதே கதை. திருப்பாதிரிப்புலியூரில் தையல் வேலை பார்க்கும் ஓர் அக்காவுக்கு, ஆன் செய்தால் வெள்ளைத் திரை நீலமும் பச்சையும் கலந்த நிறத்தில் வந்தது. ஒரு கடையில் செகண்ட் ஹேண்ட் கார்டு ஒன்றை மாட்டிவிட்டார்கள், நிறம் மாறவில்லை. அவர் வீட்டு விஜிஏ கேபிளின் முனையை போன் டார்ச்சில் பார்த்தேன். பதினைந்து பின்களில் ஓரத்தில் இருந்த முதல் பின் படுத்துக் கிடந்தது. சிவப்பு வருகிற பின் அதுதான். சிவப்பு வராவிட்டால் மீதி நீலமும் பச்சையும்தானே. ட்வீசரால் நிமிர்த்திச் செருகியதும் வெள்ளை வெள்ளையாக வந்தது. அந்தக் கார்டின் காசு அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

அதனால் பெட்டியைக் கொண்டு வரச் சொல்வதற்கு முன்னால் போனிலேயே இரண்டு கேளுங்கள். பவர் பட்டனை அழுத்துவதிலிருந்து டெஸ்க்டாப் வரும் வரை ஒரு வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அப்புறம், கோடு தெரியும்போதே மானிட்டரின் மெனு பட்டனை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். மெனுவை வரைவது மானிட்டர்தான். அந்த மெனுவின் மேலேயும் கோடு ஓடினால் பெரும்பாலும் மானிட்டரில்தான் கோளாறு, சிபியுவைத் தூக்கி வரவே வேண்டாம்.

கார்டே இல்லாத பெட்டிகள்தான் நம் வீடுகளில் அதிகம். அவற்றில் படம் தரும் ஆன்போர்டு டிஸ்ப்ளே தனக்கு வேண்டிய மெமரியை ரேமிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. ரேம் சரியில்லை என்றால் திரையில் குப்பை விழும். தேவனாம்பட்டினம், முதுநகர் பக்கம் உப்புக் காற்றில் இருக்கும் பெட்டிகளில் ரேம் முனையிலும் ஸ்லாட்டிலும் அழுக்கும் களிம்பும் சீக்கிரம் படிகிறது. ரப்பரால் துடைத்து, ஒவ்வொரு ரேமாகப் போட்டுப் பார்ப்பது உங்களுக்குக் கைவந்த வேலை. டிஸ்ப்ளே புகாருக்கும் அதை முதலிலேயே செய்யுங்கள் என்கிறேன். 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் நம் பக்கம் புகுந்தபோது நனைந்த பெட்டிகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அப்படி ஒன்று வந்தால் போர்டை முழுதாகக் கழற்றிப் பார்க்காமல் முடிவு சொல்லாதீர்கள்.

கார்டு நிஜமாகவே போயிருக்கும் நேரமும் உண்டு. ஸ்லாட் வழியாகக் கார்டுக்குக் கிடைப்பது அதிகபட்சம் 75 வாட்தான். அதற்கு மேல் தேவைப்படும் கார்டுக்குத் தனி பவர் கேபிள் சரியாக ஏறியிருக்கிறதா, எஸ்எம்பிஎஸ் தாங்குகிறதா என்று பார்த்த பிறகும் பயாஸ் திரையிலேயே கட்டம் கட்டமாக வந்தால், சரி, கார்டுதான். ஆனால் சிப்பின் மேல் ஹாட் ஏர் (சூடான காற்று) அடித்துச் சரியாக்கிக் கொடுத்தால், அது தற்காலிகம் என்று வாங்குகிறவரிடம் சொல்லிவிடுங்கள். 2008 ஜூலையில் என்விடியா நிறுவனமே தன் சில லேப்டாப் சிப்கள் பழுதாவதாக ஒப்புக்கொண்டு, அதற்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. சிப்பின் பேக்கேஜிங்கில் பயன்படுத்திய பொருள் பலவீனம் என்று சொன்னார்கள். அந்த மாதிரிப் பழுதை வெளியிலிருந்து சூடு காட்டி நிரந்தரமாகத் தீர்க்க முடியாது.

உங்கள் கஷ்டமும் எனக்குத் தெரியும். அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்து, "கேபிள்தான் சார்" என்று சொன்னால் நம் ஆட்கள் ஐம்பது ரூபாய் கொடுக்கவும் யோசிக்கிறார்கள். பொருள் விற்றால்தான் காசு என்றால் பொருள் விற்கத்தான் தோன்றும். அதனால் பார்ப்பதற்கென்று ஒரு கூலி வையுங்கள். கடை முகப்பில் எழுதி ஒட்டுங்கள், தயங்காமல் வாங்குங்கள். என் கடைக்கு வருகிறவர்களிடம் அதைக் கொடுக்கச் சொல்லி நானே சொல்கிறேன். பதிலுக்கு, கோடு எந்தக் கட்டத்தில் வந்தது, எதையெல்லாம் மாற்றிப் பார்த்தீர்கள் என்று பில்லில் இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். கழற்றிய பாகத்தை வாடிக்கையாளர் கையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

என் கடையில் ஒரு பழைய விஜிஏ மானிட்டர், ஒரு எச்டிஎம்ஐ மானிட்டர், இரண்டுக்கும் நல்ல கேபிள்கள் சோதனைக்கென்றே தனியாக இருக்கின்றன. வீட்டில் போய்ப் பார்க்க வேண்டிய வேலை வந்து கையில் கேபிள் இல்லாவிட்டால் எடுத்துக்கொண்டு போங்கள், மாலைக்குள் திருப்பிக் கொடுத்தால் போதும்.

அன்புடன்,
மஞ்சக்குப்பத்தில் டைப்பிங் கடை நடத்தும் உங்களில் ஒருவர்